பிறந்தநாள் விழாவில் வீட்டுச் சாமான்களை வைத்தே மேஜிக்: எதைச் செய்யலாம், எதன் ரகசியத்தைச் சொல்லலாம்?

திருப்பூர் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். வீட்டு மொட்டைமாடியில்தான் கொண்டாட்டம். அவள் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேர் வருகிறார்கள், அப்புறம் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பெரியவர்கள் ஆறு பேர். மேஜிக் செய்பவரைக் கூப்பிடலாமா என்று கேட்டால், "நீங்களே செய்யுங்கப்பா" என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

கடையில் விற்கும் மேஜிக் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சாமானைப் பார்த்ததுமே "இதுக்குள்ளதான் ஏதோ இருக்கு" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். டம்ளர், காசு, கைக்குட்டை, ரப்பர் பேண்ட் மாதிரி வீட்டில் கிடக்கிற பொருள்களை வைத்துச் செய்யக்கூடியதாக மூன்று நான்கு சொல்லுங்கள். இதுவரை மேஜிக் செய்து பழக்கமில்லை. ஒரு வாரம் இருக்கிறது.

சீட்டுக்கட்டு எழுதியது:

பாப்பாவுக்கு வாழ்த்துகள். ஒரு வாரம் தாராளம். ஆனால் பத்து வித்தையைப் பழகக் கிளம்பாதீர்கள். மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. ஒவ்வொன்றையும் பேசிக்கொண்டே செய்கிற அளவுக்குக் கை பழக வேண்டும். கை என்ன செய்கிறது என்று நீங்களே யோசித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களும் கையைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் தீக்குச்சி. ஆண்கள் வைத்துக்கொள்ளும் கைக்குட்டை, ஓரம் மடித்துத் தைத்தது, கட்டம் போட்டதாக இருந்தால் நல்லது. ஒரு மூலையில் தையலுக்குள் சின்னதாகச் சந்து இருக்கும். இல்லையென்றால் இரண்டு தையலைப் பிரித்துவிடுங்கள். அதற்குள் ஒரு தீக்குச்சியை மருந்தைச் சுரண்டிவிட்டு முன்கூட்டியே நுழைத்து வையுங்கள். இது யாருக்கும் தெரியக்கூடாது.

எல்லோர் முன்னாலும் கைக்குட்டையை விரித்து, இன்னொரு குச்சியை ஒரு பிள்ளையிடம் கொடுத்து பேனாவால் அடையாளம் போடச் சொல்லுங்கள். அதை நடுவில் வைத்து நான்கு மூலையையும் உள்ளே மடியுங்கள். மடிக்கும்போது குச்சி ஒளிந்திருக்கும் மூலை நடுவுக்கு வந்துவிடும். துணியோடு சேர்த்து அந்த ஒளிந்த குச்சியைப் பிடித்து, "உடைச்சுப் பாரு" என்று அதே பிள்ளையிடம் நீட்டுங்கள். "டக்" என்று முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு மூன்று பேரை விட்டு உடைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கைக்குட்டையை உதறினால் அடையாளம் போட்ட குச்சி முழுசாகக் கீழே விழும்.

குச்சி விழுந்ததும் எல்லோரும் குனிந்து அதைத்தான் எடுப்பார்கள். அந்த நேரத்தில் கைக்குட்டை உங்கள் பைக்குள் போய்விட வேண்டும். அவசரமே இல்லாமல், முகம் துடைத்துவிட்டு வைப்பது போல வையுங்கள்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

ரப்பர் பேண்டில் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் ரப்பர் பேண்டை மாட்டி, உள்ளங்கைப் பக்கம் அதை இழுத்து, கையை மூடும்போது நான்கு விரல் நுனியையும் அதற்குள் விட்டுவிட வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு விரலில் மட்டும் இருப்பது போலத் தெரியும். கையை விரித்தால் தாவி மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போய்விடும். செய்வதெல்லாம் ரப்பர்தான்.

வேதியியல் டீச்சர் எழுதியது:

வீட்டுச் சாமான் என்றால் அடுப்பங்கரையை விட்டுவிட்டீர்களே. நம் வீட்டு விசேஷத்தில் ஆரத்தி எடுக்கிறோம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவப்பாகிறது. எல்லோரும் பார்த்ததுதான், ஆனால் அதையே கண்ணாடி டம்ளரில் செய்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

செய்யும் விதம்: வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சிட்டிகை எடுத்துப் பாட்டில் தண்ணீரில் கலக்கி, மூடி போட்டு ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஒரு டம்ளரில் இறுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அது வெறும் தண்ணீர்தான். திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மேலே வெள்ளை ஆடை கட்டிவிடும், அதனால் நிகழ்ச்சி நேரம் வரை மூடியே இருக்கட்டும். இரண்டாவது டம்ளரில் மஞ்சள் தண்ணீர், லேசாகக் கலந்தால் போதும். மூன்றாவதில் நாலு எலுமிச்சம்பழத்தின் சாறு, வடிகட்டியது.

மஞ்சள் தண்ணீரில் "தண்ணீரை" ஊற்றினால் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் மறுபடி மஞ்சள். மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் சிவந்து, அமிலம் பட்டால் திரும்பிவிடும். சுண்ணாம்புக்குப் பதில் ஆப்பசோடா போட்டால் ஆரஞ்சு நிறம்தான் கிடைக்கும், அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

சங்குப்பூ கிடைத்தால் அதுவும் செய்யலாம். பூவை வெந்நீரில் போட்டால் நீல நிறத் தண்ணீர். எலுமிச்சை பட்டதும் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும்.

சீட்டுக்கட்டு எழுதியது:

டீச்சர் தப்பாக நினைக்கக்கூடாது, இது ஆய்வக வகுப்பு. மேஜிக் இல்லை. மேஜிக் என்றால் நடக்கவே முடியாத ஒன்று கண் முன்னால் நடக்க வேண்டும். நிறம் மாறினால் "ஏதோ கெமிக்கல்" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்.

வேதியியல் டீச்சர் எழுதியது:

தப்பாக நினைக்கவில்லை சார். ஆனால் மூன்று டம்ளரை வரிசையாக வைத்து ஒன்றில் ஒன்றை ஊற்றினால்தான் அது ஆய்வகம். இப்படிச் செய்து பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, பிறந்தநாள் பிள்ளையிடம் கொடுங்கள். "இந்தத் தண்ணீரில் விரலைத் தொட்டு உன் பெயரை எழுது" என்று ஒரு கிண்ணத்தை நீட்டுங்கள். கிண்ணத்தில் இருப்பது துணி சோப்பு கரைத்து நுரை அடங்கிய தண்ணீர். வெறும் விரலால் எழுத எழுதப் பெயர் சிவப்பாக எழும். எழுதியது உங்கள் மகளின் விரல், எழுந்தது அவள் பெயர். எனக்கு இது மேஜிக்தான். பொருளைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். யார் கையில் அது நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

சீட்டுக்கட்டு எழுதியது:

பெயர் எழுதுவது அருமை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

திருப்பூர் அப்பா எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. இது கட்டாயம் உண்டு. சார், நீங்கள் சொல்லும் "நடக்கவே முடியாதது" ஒன்று பெரியவர்களுக்காகவும் வேண்டும். என் மாமனார் எதற்கும் அசர மாட்டார்.

சீட்டுக்கட்டு எழுதியது:

அவருக்கு எவர்சில்வர் டம்ளர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வாரத்தில் பழகக்கூடியதிலேயே இதுதான் பெரிய வித்தை.

மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காருங்கள். வேட்டியோ லுங்கியோ கட்டியிருந்தால் மடி தொட்டில் மாதிரி அகலமாக அமையும். மேசையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். "இந்தக் காசை மேசைக்குள் புதைத்துக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். டம்ளரைக் கவிழ்த்து, மேலே செய்தித்தாளைப் போர்த்தி, டம்ளர் வடிவம் வரும்படி சுற்றி அமுக்குங்கள். அடிப்பாகம் இப்போது மேலே இருக்கிறது, அங்கே மட்டும் நன்றாக அழுத்துங்கள். விளிம்புப் பக்கம் தளர்வாக விடுங்கள். நம் டம்ளருக்கு வாய் விரிந்திருக்கும், அதனால் காகிதம் இறுகாமல் இருந்தால் டம்ளர் சுலபமாகக் கீழே நழுவும்.

காகிதம் சுற்றிய டம்ளரைக் காசின் மேல் வைத்துத் தட்டுங்கள். தூக்கினால் காசு அங்கேயே இருக்கும். "அட, போகலையே" என்று சொல்லுங்கள். எல்லோரும் காசைப் பார்ப்பார்கள். "தாத்தா, காசு பூவா தலையா?" என்று மாமனாரைக் கேளுங்கள். அவர் குனிந்து பார்க்கும் அந்த நொடியில் உங்கள் கை மேசை ஓரத்துக்கு வந்திருக்க வேண்டும். பிடியைத் தளர்த்தினால் டம்ளர் மடியில் விழும், காகிதம் மட்டும் டம்ளர் வடிவத்திலேயே கையில் நிற்கும். அதைத் திரும்பக் காசின் மேல் வைத்து, ஓங்கி ஒரே அடி. காகிதம் தட்டையாக நசுங்கும். டம்ளரைக் காணோம். மறு கையை மேசைக்கு அடியில் விட்டு டம்ளரை எடுத்துத் தரையில் "டிங்" என்று தட்டிக் காட்டுங்கள்.

காசு மறையும் என்று சொன்னீர்கள், டம்ளர் மறைந்தது. பார்த்தவர்கள் கடைசி வரை காசைத்தான் காவல் காத்தார்கள். அதனால்தான் இது பலிக்கிறது.

பழகும்போது கண்ணாடி முன்னால் உட்கார வேண்டாம். கைபேசியை எதிரே வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். டம்ளர் விழும் நேரத்தில் உங்கள் கண் மடிக்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். போனால் எல்லோர் கண்ணும் கூடவே போகும்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

மொட்டைமாடி என்றால் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி நிற்பார்களே? பக்கவாட்டில் நிற்கிறவனுக்கு மடி தெரியும்.

சீட்டுக்கட்டு எழுதியது:

சரியான கேள்வி. மேசையைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போட்டு, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் உட்காருங்கள். பிள்ளைகள் எதிரே பாயில். மேசை மேல் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு பெட்ஷீட்டை விரித்துவிட்டால் பக்கவாட்டுக் கவலையும் தீரும். காற்று அடிக்கும், செய்தித்தாளுக்கு மேல் ஒரு கல் வையுங்கள்.

யாழ்தேவி எழுதியது:

வணக்கம், நான் கொழும்பிலிருந்து. இங்கே ஒருத்தரும் பலூனைப் பற்றிக் கதைக்கவில்லையே. முக்கால்வாசி ஊதிய பலூன், நுனி கூரான நீளமான மூங்கில் குச்சி, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். முடிச்சுக்குப் பக்கத்தில் ரப்பர் தடித்துச் சுருங்கி இருக்கும் இடத்தில் குச்சியை மெல்லத் திருகித் திருகி ஏற்றுங்கள். நேர் எதிரே உச்சியில் கறுப்பாக ஒரு புள்ளி மாதிரித் தெரியும், அதன் வழியாக வெளியே எடுங்கள். பலூன் வெடிக்காது. அந்த இரண்டு இடத்திலும்தான் ரப்பர் அதிகம் இழுபடாமல் இருக்கிறது. பிறகு அதே குச்சியால் பக்கவாட்டில் தொட்டால் டப்பென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு முடித்தால் பிள்ளைகள் துள்ளுவார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். செவ்வரத்தம்பூ (உங்கள் ஊர்ச் செம்பருத்தி) இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு, அந்தக் கத்தியால் தேசிக்காயை (எலுமிச்சம்பழத்தை) வெட்டினால் இரத்தம் மாதிரிச் சிவப்பாகச் சாறு வழியும். டீச்சர் சொன்ன அதே அமில விளையாட்டு. இதைப் பிறந்தநாளில் செய்யச் சொல்லவில்லை. இதை வைத்து "உங்கள் வீட்டில் செய்வினை இருக்கிறது" என்று காசு பறிக்கிற ஆட்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு மேஜிக் காட்டுகிறவர்கள், எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

சீட்டுக்கட்டு எழுதியது:

இதில் நான் முழுக்க வேறு கட்சி. ரகசியத்தைச் சொன்ன நிமிஷமே "இவ்வளவுதானா" என்று முகம் வாடிவிடும். பிள்ளையின் வியப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்குகிற மாதிரி அது. ஒரு பிள்ளை ராத்திரி முழுக்க "எப்படி, எப்படி" என்று யோசிக்கட்டுமே. அந்த யோசனைதான் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தருகிற பரிசு.

யாழ்தேவி எழுதியது:

வியப்பு வேண்டும்தான் அண்ணா. ஆனால் வியப்பை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறவர்களை எங்கள் ஊர் நன்றாகப் பார்த்திருக்கிறது. டாக்டர் ஏப்ரகாம் கோவூர் கேரளத்தில் பிறந்து இங்கே வந்து ஆசிரியராக இருந்தவர். 1959இல் ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்டவர்களின் மோசடியை அம்பலப்படுத்துவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். மோசடிக்கு இடமில்லாத முறையில் யாராவது தெய்வீக சக்தியைக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருத்தராலும் வாங்க முடியவில்லை.

வேதியியல் டீச்சர் எழுதியது:

அவர் வழியில் வந்தவர் கோயம்புத்தூர் போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த். 2009இல் காலமானார். வெறும் கையை வீசி விபூதி வரவழைப்பதை அவர் மேடை மேடையாகச் செய்து காட்டினார். விபூதியைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சின்ன உருண்டையாக்கிக் காயவைத்துக் கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக்கொள்வதுதான். கையைச் சுழற்றி விரலால் நசுக்கினால் பொடியாகக் கொட்டும். "மந்திரமா தந்திரமா" நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டில் இன்றும் நடக்கின்றன. செய்து காட்டுவார்கள், உடனே விளக்குவார்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று நடந்தபோது பார்த்தேன், விளக்கம் சொன்ன பிறகும் பிள்ளைகளின் உற்சாகம் குறையவே இல்லை. மதிய இடைவேளையில் சத்துணவுத் தட்டை வைத்துக்கொண்டு தாங்களே செய்து பார்த்தார்கள்.

சீட்டுக்கட்டு எழுதியது:

அவர்கள் இருவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழைய கதையும் இருக்கிறது: 1584இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், சூனியக்காரிகள் என்று அப்பாவிகளைக் கொல்வதைப் பொறுக்காமல் எழுதிய நூலில் காசு மறைக்கும் வித்தைகளையெல்லாம் விளக்கினார். உயிர் போகிற இடத்தில் ரகசியம் பெரிதில்லை.

ஆனால் அங்கே மறைத்தவன் "எனக்குச் சக்தி இருக்கிறது" என்றான். பிறந்தநாள் வீட்டில் அப்பா அப்படிச் சொல்லவில்லை. "இது தந்திரம், கண்டுபிடி பார்க்கலாம்" என்கிறார். இரண்டும் ஒன்றாகாது. அதனால் என் நிலை இது: சாமி பெயரிலோ பேய் பெயரிலோ எவனாவது காசு பார்க்கிற வித்தை என்றால், தெருவில் நின்று விளக்குங்கள். விபூதி, எலுமிச்சம்பழம், தானாகப் பற்றும் நெருப்பு எல்லாம் அதில் சேர்த்தி. டம்ளரும் தீக்குச்சியும் யாரையும் ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கவில்லை. அவற்றை விட்டுவிடுங்கள்.

யாழ்தேவி எழுதியது:

அப்படிப் பிரித்தால் எனக்கும் சம்மதம். "இது தந்திரம்" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது மட்டும் முக்கியம்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுக்கலாம் சார். அந்த ரப்பர் பேண்ட். எனக்கு எட்டு வயதில் ஒரு மாமா சொல்லிக்கொடுத்தது அதுதான். மறுநாள் வகுப்பில் நான்தான் ராஜா. வந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரப்பர் பேண்டைக் கையில் கொடுத்துக் கற்றுத்தாருங்கள். கேக்கோடு கொடுக்கும் பொம்மையைவிட அதைத்தான் வீட்டுக்குப் போய்க் காட்டுவார்கள்.

திருப்பூர் அப்பா எழுதியது:

இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்படியே செய்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கத்துவார்களே, என்ன செய்வது? இரண்டு, சீட்டு வித்தை ஒன்று வைக்கலாமா? எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டை எடுத்தாலே பாட்டிக்குப் பிடிக்காது.

சீட்டுக்கட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு: அதே வித்தையை அதே கூட்டத்துக்கு மறுபடி காட்டவே கூடாது. இரண்டாவது தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். "அதைவிடப் பெரிசா ஒண்ணு காட்டவா?" என்று அடுத்ததற்குத் தாவிவிடுங்கள். உச்சத்தில் நிறுத்துவதற்கு எவ்வளவு பலம் என்பதற்கு வங்காளத்து மேஜிக் நிபுணர் பி.சி. சர்க்காரைச் சொல்லலாம். 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தையைச் செய்தார். அறுத்து முடித்த இடத்தில், பெண் எழுவதற்குள் நேரம் முடிந்து நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் செத்தே போய்விட்டாள் என்று பயந்து பிபிசிக்கு போன் மேல் போன். லண்டனில் அவர் பெயர் நிலைத்தது அந்த ராத்திரியில்தான்.

இரண்டாவது கேள்விக்கு நல்ல வழி இருக்கிறது. பதினைந்து பிள்ளைகள், ஆறு பெரியவர்கள் என்றீர்கள். கூட்டினால் 21. அந்த எண்ணிக்கைக்கு என்றே ஒரு வித்தை உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வந்தவர் ஒருவர் பெயரை எழுதுங்கள். ஒரு பிள்ளையை மனசுக்குள் ஒரு பெயரை நினைக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியும்படி இடமிருந்து வலமாக மூன்று அடுக்காகப் போடுங்கள். முதல் அட்டை முதல் அடுக்கு, இரண்டாவது இரண்டாம் அடுக்கு, இப்படி. அடுக்குக்கு ஏழு வரும். நினைத்த பெயர் எந்த அடுக்கில் என்று மட்டும் கேட்டு, அந்த அடுக்கை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து எடுங்கள். இதையே மொத்தம் மூன்று தடவை செய்தால் நினைத்த அட்டை சரியாகப் பதினொன்றாவதாக வந்து நிற்கும்.

முதல் தடவை முடிந்ததும் அந்த அட்டை 8க்கும் 14க்கும் இடையில் இருக்கும். இரண்டாவது தடவைக்குப் பிறகு 10, 11, 12 மூன்றில் ஒன்று. மூன்றாவதில் 11 தவிர வேறு இடமே கிடையாது. கணக்கு தானாக வேலை செய்யும், அடுக்கை எடுக்கும் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கடைசியில் பதினொன்றாவதை நீங்கள் எடுத்துக் காட்டாமல், அந்தப் பெயர்க்காரர் பக்கத்தில் போய் நின்று, "இவங்களைத்தானே நினைச்சே?" என்று கேளுங்கள்.

வேதியியல் டீச்சர் எழுதியது:

பாட்டி பெயர் வந்தால் சீட்டு மேல் இருக்கிற கோபமும் போய்விடும்!

மாமனாருக்குக் கணக்கு பிடிக்குமென்றால் 1089 இருக்கிறது. மூன்று இலக்க எண், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது. திருப்பிப் போட்டுப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையைத் திருப்பிப் போட்டு அதோடு கூட்ட வேண்டும். எப்போதும் 1089தான். கழித்து 99 வந்தால் 099 என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடையை முன்னாலேயே எழுதி மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

திருப்பூர் அப்பா எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மஞ்சள் காகிதத்தில் பெயர், தீக்குச்சி, 21 பெயர் அட்டை, மாமனாருக்கு டம்ளர், கடைசியில் பலூன். போகும்போது ரப்பர் பேண்ட் பாடம். நேற்று ராத்திரி டம்ளரை மடியில் விட்டுப் பழகினேன், மனைவி எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு "காசு அங்கதானே இருக்கு, டம்ளர் எங்கே?" என்று மேசைக்கு அடியில் குனிந்தாள்!

சீட்டுக்கட்டு எழுதியது:

அவ்வளவுதான், தேறிவிட்டீர்கள். டம்ளரை ஓரத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் கேள்வியைக் கேளுங்கள், பிறகு இல்லை.

வேதியியல் டீச்சர் எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் பார்க்கக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். மாடியில் வெயிலில் ஓடியாடிய பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். எழுதி முடித்ததும் அங்கேயே கீழே கொட்டி, பாப்பா கையைக் கழுவிவிட்டு, அப்புறம் அடுத்த வித்தைக்குப் போங்கள். சுண்ணாம்புத் தண்ணீரை இந்தத் தடவை விட்டுவிட்டது நல்லதுதான். அது கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாமான். மூங்கில் குச்சியையும் பலூன் வெடித்த கையோடு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.